படகு கட்டறதும் ஒரு தையல் வேலைதான்

வீட்டுலயே ப்ளைவுட் வச்சு பாய்மரப் படகு கட்டி அத ரேஸ்ல ஓட்டறாங்கன்னு சொன்னா எல்லாரும் முதல்ல கேக்கறது ஒன்னுதான், பலகை எப்படிங்க வளையும்? நானும் அததான் கேட்டேன். நாலடிக்கு எட்டடி ஷீட்டு, டேபிள் மாதிரி தட்டையா கெடக்கு, அதுல இருந்து முன்னாடி குறுகி, நடுவுல வயிறு உப்பி, அடியில லேசா தொட்டில் மாதிரி வளைஞ்ச ஒரு உருவம் எப்படி வரும்னு எனக்கு மண்டையில ஏறவே இல்ல. அப்புறம் பாய் தைக்கறதப் பத்தி பாக்க ஆரம்பிச்சேன், பாத்தா அங்கயும் இதே கேள்வி, தட்டைத் துணி எப்படி உப்பின பாய் ஆகுதுன்னு. ரெண்டுக்கும் பதில் ஒன்னேதான்னு புரிய எனக்கு ரொம்ப நாளாச்சு. அந்த ஒரு பதிலத்தான் இங்க சொல்லப் போறேன், மத்த சங்கதியெல்லாம் போற போக்குல வரும்.

முதல்ல ஒரு பேப்பரும் ஒரு பந்தும் எடுத்துக்கோங்க. பேப்பர ஒரு பாட்டில் மேல சுத்துனா அழகா ஒட்டிக்கும், கூம்பு மாதிரி சுருட்டுனாலும் சுருளும். ஆனா பந்து மேல சுத்திப் பாருங்க, எங்கயாவது ஒரு எடத்துல கசங்கியே தீரும், இல்லன்னா கிழியும். பேப்பர் ஒரு நேரத்துல ஒரு பக்கமாத்தான் வளையும், ரெண்டு பக்கமும் சேத்து வளைக்கணும்னா அது நீளணும் இல்ல சுருங்கணும், பேப்பரால அது முடியாது. 1827-ல காஸ்ங்கற கணித மேதை இத கணக்காவே நிரூபிச்சு வச்சிட்டாரு, உலக உருண்டைய தட்டையான மேப்பா போட்டா ஏதோ ஒரு எடத்துல அளவு தப்பாகியே ஆகும்ங்கறதுக்கும் இதான் காரணம். ப்ளைவுட்டும் பேப்பர் சாதிதான். உருளை மாதிரி வளைப்பேன், கூம்பு மாதிரி வளைப்பேன், பந்து மாதிரி மட்டும் என்னைக் கேக்காதேன்னு சொல்லிடும்.

அப்ப படகுக்கு அந்த வயிறு எங்கிருந்து வருது? இதுக்கு ஒரு அஞ்சு நிமிஷ வேலை இருக்கு, தயவுசெஞ்சு படிச்சிட்டு விட்டுடாம கையால செஞ்சு பாருங்க, நூறு வரி படிக்கறத விட இது மேல். ஒரு கெட்டியான அட்டைய ரெண்டா மடிச்சு, ரெண்டு துண்டும் ஒரே மாதிரி வர்ற மாதிரி வெட்டுங்க, மேல் ஓரம் நேர்கோடு, கீழ் ஓரம் வில்லு மாதிரி வளைவு. ரெண்டையும் ஒன்னு மேல ஒன்னு வச்சு அந்த வளைஞ்ச ஓரம் முழுக்க செல்லோடேப் ஒட்டுங்க. இப்ப புத்தகம் மாதிரி திறக்கப் பாருங்க. தட்டையா திறக்கவே திறக்காது, ஏன்னா கீல் நேரா இருந்தாத்தான் கதவு திறக்கும், இங்க கீலே வளைஞ்சிருக்கு. நீங்க விரிக்க விரிக்க ரெண்டு அட்டையும் வெளிப்பக்கமா வளைஞ்சு, ரெண்டு முனையும் கூராகி, அவரைக்காய் தோல் மாதிரி ஒரு குட்டித் தோணி உங்க கையில வந்து நிக்கும். யாரும் அட்டைய வளைக்கல, நீராவி காட்டல, அச்சு எதுவும் வைக்கல. ஓரத்த வளைவா வெட்டி இன்னொரு ஓரத்தோட சேத்தோம், அவ்ளோதான்.

டெய்லர் கிட்ட கேட்டா இதென்ன பெரிய விஷயம்னு சிரிப்பாரு. உடம்புக்கு அளவா தைக்கற எந்தத் துணியிலயும் அவர் டாட் புடிப்பாரு, அதாவது ஆப்பு மாதிரி ஒரு துண்டு துணிய உள்ள மடிச்சு தைச்சிடுவாரு, தட்டையா இருந்த துணி அந்த எடத்துல குமிழும். தட்டையான ஒன்ன உருண்டையாக்க ஓரத்துல கூட்டணும் இல்ல கழிக்கணும், அப்புறம் தைக்கணும். பலகைக்கும் இதான், பாய்க்கும் இதான்.

பலகைய உண்மையிலயே தைக்கறாங்க, நான் சும்மா உவமைக்கு சொல்லல. ஸ்டிச் அண்ட் க்ளூன்னு அந்த முறைக்குப் பேரு. இங்கிலாந்துல கென் லிட்டில்டைக்னு ஒரு பள்ளிக்கூட வாத்தியார் கயாக், அதாவது துடுப்பு போட்டு ஓட்டற சின்னப் படகு, கட்டறதுக்கு இத செஞ்சு காட்டினாரு, அது பிரபலமானது மிரர்ங்கற படகால. 1960-கள் தொடக்கத்துல டெய்லி மிரர் பத்திரிகை முன்ன நின்னு, டிவியில வீட்டு ரிப்பேர் வேலை சொல்லிக் குடுத்துட்டு இருந்த பாரி பக்னெல்லும் படகு டிசைனர் ஜாக் ஹோல்ட்டும் சேந்து உருவாக்கினது. 3.3 மீட்டர் நீளம், மூக்கு கூர்மையா இல்லாம மொண்ணையா வெட்டின மாதிரி இருக்கும், பாய் ரெண்டும் சிவப்பு. வெட்டின பலகைங்க பெட்டியில வரும், ஆரம்பத்துல வெல 63 பவுண்டு 11 ஷில்லிங், வாங்கிட்டுப் போயி வீட்டுல செம்புக் கம்பியால தைச்சு ரெசின் போட்டு ஒட்டிக்கணும். 70,000-க்கு மேல கட்டியிருக்காங்க. அதுக்கு முன்னாடி 1947-ல அமெரிக்காவுல ஃப்ளோரிடாவுல க்ளார்க் மில்ஸ் போட்ட ஆப்டிமிஸ்ட், குழந்தைங்க ஓட்டறது, 2.3 மீட்டர்தான், பாக்க ஒரு பெட்டி மாதிரி இருக்கும், ஏன்னா ரெண்டு ப்ளைவுட் ஷீட்டுக்குள்ள முடியணும்னு நெனச்சு வரைஞ்சது. இன்னிக்கு ரேஸ்ல ஓடற ஆப்டிமிஸ்ட்டுங்க ஃபைபர்கிளாஸ்ல வருது, ஆனா உருவம் அதே ப்ளைவுட் பெட்டிதான்.

சரி, தையல் எப்படின்னு பாப்போம். ப்ளானுல இருக்கற அளவப் பாத்து பலகையில புள்ளி வைக்கணும், ஒவ்வொரு புள்ளியிலயும் ஒரு ஆணிய லேசா அடிச்சு, மெல்லிசான நீளமான மரச்சட்டம் ஒன்ன அந்த ஆணிங்கள ஒட்டி வளைச்சு வச்சு பென்சில் கோடு இழுக்கணும். அந்த சட்டத்துக்கு பேட்டன்னு பேரு. கோடு போட்டப்புறம் தரையோட தரையா கன்னத்த வச்சு ஒரு கண்ண மூடிட்டு அந்தக் கோட்டையே பாருங்க, ஒரு ஆணி ரெண்டு மில்லிமீட்டர் தள்ளி இருந்தாலும் அங்க ஒரு மேடு பளிச்சுன்னு தெரியும், டேப் வச்சு அளந்தா தெரியாது. இந்த சட்டத்த தூக்கிப் போட்டுடாதீங்க, பாய்க்கும் இதே சட்டம்தான் வேணும்.

எடது பலகையையும் வலது பலகையையும் ஒன்னு மேல ஒன்னு வச்சு சேத்தே வெட்டுங்க, அப்பத்தான் ரெண்டும் அச்சு அசலா இருக்கும். ஓரத்துல இருந்து ஒரு சென்டிமீட்டர் உள்ள தள்ளி, ஒரு ஜாணுக்கு ஒரு ஓட்டைன்னு போட்டு, கம்பிய நுழைச்சு வெளிப்பக்கமா முறுக்கணும். இங்கதான் நான் முதல் தடவை சொதப்பினேன், முன் முனையில ஆரம்பிச்சு ஒவ்வொரு கம்பியையும் நல்லா இறுக்கிட்டே போனேன், கடைசியில பாத்தா பின்னாடி ரெண்டு பலகையும் ரெண்டு சென்டிமீட்டர் சேராம நிக்குது, எல்லாத்தையும் கழட்டி மறுபடி முதல்ல இருந்து. ஷூ லேஸ் கட்டற மாதிரிதான் பண்ணனும், முதல்ல எல்லா கம்பியையும் தொளதொளன்னு போட்டுட்டு அப்புறம் ஒரு சுத்து இங்க ஒரு சுத்து அங்கன்னு இறுக்கிட்டே வரணும். அப்படி இறுக்கறப்ப, அது வரைக்கும் வெறும் பலகையா தொங்கிட்டு இருந்தது கிறீச்னு ஒரு சத்தத்தோட இழுத்துக்கிட்டு படகு உருவத்துக்கு வரும் பாருங்க, அந்த அட்டைத் தோணி வித்தையேதான், ஆனா எட்டடி பலகையில நடக்கறப்ப கொஞ்சம் பயமாவே இருக்கும்.

பசை போடறதுக்கு முன்னாடி முறுக்கு இருக்கான்னு பாக்கணும், இது முக்கியம். படகுக்கு குறுக்கால முன்னாடி ஒரு நேரான குச்சி, பின்னாடி ஒரு குச்சி வச்சு, பின்னாடி நின்னு பாத்தா ரெண்டும் ஒன்னுக்கு ஒன்னு இணையா தெரியணும். தெரியலன்னா படகு பிழிஞ்ச துணி மாதிரி முறுக்கிக்கிட்டு இருக்குன்னு அர்த்தம், ஒரு பக்கம் திரும்பிப் போறப்ப ஒரு மாதிரியும் இன்னொரு பக்கம் வேற மாதிரியும் ஓடும், பசை காஞ்சதுக்கு அப்புறம் யாராலயும் சரி பண்ண முடியாது.

அதுக்கப்புறம் எபாக்சி, ரெண்டு திரவத்த கலந்தா இறுகிக் கட்டியாகற பசை. கம்பிக்கு கம்பி நடுவுல கொஞ்சம் கொஞ்சம் வச்சு காயவிட்டு, கம்பிய உருவிட்டு, எபாக்சில மரத்தூள கலந்து களி பதத்துக்கு ஆக்கி உள் மூலை முழுக்க விரலால வழிச்ச மாதிரி ஒரு குழிவா பூசி, அதுமேல ஃபைபர்கிளாஸ் டேப். கம்பியோட வேலை புடிச்சு வைக்கறது மட்டும்தான், பலம் முழுக்க இந்தப் பசையிலயும் டேப்புலயும்தான். ரெண்டு எச்சரிக்கை. ஆழமான டம்ளர்ல நெறைய கலந்து வைக்காதீங்க, அதுவே சூடாகி பொகைஞ்சு கட்டியாயிடும், அகலமான தட்டுல ஊத்துங்க. அப்புறம் கையுறை இல்லாம தொடவே தொடாதீங்க, ஒருத்தருக்கு தோல் அலர்ஜி ஒரு தடவை வந்துட்டா அப்புறம் எபாக்சி பக்கமே போக முடியாத அளவுக்கு ஆயிடும். ரேஸ் படகுன்னா இன்னொன்னும் இருக்கு, பயத்துல கூடுதலா ஊத்தற பசையெல்லாம் எடை, மிரரோட வெறும் கூடே, அதாவது படகோட உடம்பு மட்டுமே, 45 கிலோ சொச்சம்தான், அதுல நாலு கிலோ கூடினா தண்ணில தெரியும்.

ப்ளைவுட்டப் பத்தி சுருக்கமா. தண்ணிக்கு தாங்கற பசை போட்ட மரைன் ப்ளை வேணும், சந்தேகமா இருந்தா ஒரு துண்ட வெந்நீர்ல கொதிக்க வச்சு காயவச்சு பாருங்க, ஏடு ஏடா பிரிஞ்சா வேண்டாம். உள்ள பொந்து இருக்கக் கூடாது, வளைக்கறப்ப சரியா அந்த எடத்துலதான் படக்குன்னு ஒடியும். தடிமன் விஷயத்துல ஒரு கணக்கு இருக்கு, விறைப்பு தடிமனோட மும்மடிப் பெருக்கத்துல ஏறும், அதனால 6 மில்லிமீட்டர் பலகை 4 மில்லிமீட்டர விட ஒன்றரை மடங்கு இல்ல, மூணு மடங்குக்கு மேல மொரண்டு புடிக்கும். ஷீட்டு எட்டடிதான் நீளம், படகு அதுக்கு மேலன்னா ரெண்டு ஷீட்டோட ஓரத்தையும் தடிமனுக்கு எட்டு மடங்கு நீளத்துக்கு சரிவா சீவி ஒன்னு மேல ஒன்னு ஒட்டுவாங்க.

இப்படி கட்டற படகுல பக்கப் பலகையும் அடிப் பலகையும் சேர்ற எடத்துல ஒரு கூரான மூலை இருக்கும், அதுக்கு சைன்னு பேரு. ப்ளைவுட் பந்து மாதிரி வளையாததால வர்ற மூலை அது, வேற வழி இல்ல. ஆனா வேகத்துக்கு அது பெரிய பாவம் எல்லாம் இல்ல. லேசான காத்துல உருண்டையான கூடு ஜெயிக்கும், ஏன்னா தண்ணியில நனையற பரப்பு அதுக்கு கம்மி. காத்து ஏறிடுச்சுன்னா கதை மாறும், பின்பக்கம் தட்டையா இருக்கற படகு தண்ணிய கிழிச்சிட்டு போறத விட்டுட்டு தண்ணி மேல ஏறி வழுக்கிட்டு போக ஆரம்பிச்சிடும், ப்ளேனிங்னு சொல்வாங்க. 1962-ல பீட்டர் மில்ன் வரைஞ்ச ஃபயர்பால் இதுக்கு நல்ல உதாரணம், 4.93 மீட்டர், மூக்கு சப்பையா வெட்டியிருக்கும், மூலை மூலையா இருக்கும், பலமான காத்துல பறக்கும். டென்மார்க்குல வந்த ஓகே டிங்கியும் அப்படித்தான், ஒலிம்பிக்ல ஓடின ஃபின்ங்கற உருண்டைப் படகுக்கு, சாதாரண ஆளு வீட்டுல கட்டிக்கற ப்ளைவுட் தம்பி மாதிரி.

அதோட இந்த ரேஸ்ல பாதிக்கு மேல ஒன் டிசைன்தான், எல்லாப் படகும் ஒரே அளவு, அளந்து எடை போட்டுத்தான் உள்ள விடுவாங்க, மூலை இருந்தா எல்லாருக்கும் இருக்கு. 2003-ல வந்த படில் டக் ரேசர் எனக்கு ரொம்பப் புடிச்ச விதி வச்சிருக்கு, எட்டடி நீளம் நாலடி அகலம், அடியில இருந்து பத்து இன்ச்சு உயரம் வரைக்கும் எல்லாரும் ஒரே உருவம், அதுக்கு மேல உங்க இஷ்டம், பாயும் உங்க இஷ்டம். புதுசா ஆரம்பிக்கறவங்க அதுல ஆரம்பிச்சா தப்பே இல்ல.

இப்ப பாய்க்கு வருவோம். நம்ம மொழியில படுக்கற பாயும் காத்துப் புடிக்கற பாயும் ஒரே சொல்லு, ஆனா படுக்கற பாய் மாதிரி தட்டையா ஒரு துணிய பாய்மரத்துல, அதாவது படகுல நிக்கற கம்பத்துல, கட்டினா காத்து பின்னாடி இருந்து தள்ளறப்ப ஓடுமே தவிர, காத்துக்கு எதிரா 45 டிகிரியில ஏற கஷ்டப்படும். பாய் வேலை செய்யறது விமான றெக்கை மாதிரி, காத்து அதோட வளைவ ஒட்டித் திரும்பிப் போறப்பதான் இழுவை கெடைக்குது. அந்த இழுவை பெரும்பாலும் பக்கவாட்டுல, அந்தப் பக்கம் படகு நழுவாம தடுக்கறது படகுக்கு அடியில தண்ணிக்குள்ள நிக்கற சென்டர்போர்டுங்கற பலகை, மிச்சம் இருக்கறது படக முன்னாடி தள்ளுது. அதனால பாய்க்கு ஒரு தொப்பை வேணும், ஆழம் அகலத்துல பத்துல ஒரு பங்கு சுமாரா, அதிக ஆழம் நடுவுக்கு கொஞ்சம் முன்னாடியே வரணும்.

ரெண்டு மீட்டர் அகலத்துல 20 சென்டிமீட்டர் தொப்பை வேணும்னு வச்சுக்கோங்க. அதுக்கு எவ்ளோ துணி கூடுதலா வேணும்? நான் நெனச்சது ஒரு முழம். கணக்கு போட்டா வெறும் அஞ்சு சென்டிமீட்டர் சொச்சம்தான்! அதுல ஒரு சென்டிமீட்டர் கொறைஞ்சா தொப்பை ரெண்டு சென்டிமீட்டர் கொறைஞ்சிடும். தையல்ல ஒரு விரல் அகலம் நகர்ந்தா பாயோட குணமே மாறுதுங்கறது இதனாலதான், பலகைல ஒரு சென்டிமீட்டர் தப்ப எபாக்சி களி வச்சு மூடிடலாம், பாய்ல மூட முடியாது.

அந்த அஞ்சு சென்டிமீட்டர எப்படி உள்ள கொண்டு வர்றது? ரெண்டு வழி. ஒன்னு, மரத்தோட சேர்ற ஓரத்த, லஃப்னு சொல்வாங்க, நேரா வெட்டாம வெளிப்பக்கமா வில்லு மாதிரி வெட்டறது. நேரான மரத்துல அந்த வளைஞ்ச ஓரத்தக் கட்டினா வெளிய நீட்டிட்டு இருந்த துணி உள்ள தள்ளப்பட்டு தொப்பையாகும். அந்த வில்லு வரைய அதே ஆணி, அதே பேட்டன், அதே ஒத்தக் கண்ணு. ரெண்டாவது, பாய ஒரே துணியா வெட்டாம பட்டை பட்டையா வெட்டி, ஒவ்வொரு பட்டையோட ஓரத்தையும் நுனியில லேசா வளைச்சு அடுத்த பட்டையோட தைக்கறது, ப்ராட்சீம்னு பேரு. ரெண்டாவது வழி அட்டைத் தோணியோட கூடப்பொறந்தது, வளைஞ்ச ஓரத்த இன்னொரு ஓரத்தோட சேத்தா மூணாவது திசையில உப்புது. பலகைல ரெண்டு மூணு தையல்தான் போட முடியும், அதனால மூலை தெரியுது, பாய்ல ஏழெட்டு தையல் போட்டு ஒவ்வொன்னுலயும் கொஞ்சம் கொஞ்சமா வாங்கறதால வழுவழுன்னு தெரியுது, வித்தியாசம் அவ்வளவுதான்.

துணி பெரும்பாலும் டேக்ரான், அதாவது விறைப்பா நெய்த பாலியஸ்டர். எந்த நெய்த துணியும் நூல் போற திசையில நீளாது, மூலைவாட்டத்துல இழுத்தா நீளும், உங்க கைக்குட்டைய இழுத்துப் பாருங்க. பாய்ல அதிக இழுப்பு வர்றது பின் ஓரத்துல, அது லீச். அதனால பட்டைங்கள லீச்சுக்கு செங்குத்தா வச்சு, நூல் லீச்சோட போற மாதிரி அமைப்பாங்க. ஜிக்ஜாக் தையல் போடணும், நேர் தையல் துணி நீள்றப்ப அறுந்துடும். மூணு மூலைக்கும் நாலஞ்சு அடுக்கு ஒட்டுத்துணி. பழகறதுக்கு டேக்ரான வீணாக்காதீங்க, தார்ப்பாய் போதும், கெட்டி டபுள் சைடு டேப்பாலயே ஒட்டி, டாட் புடிச்சு நல்ல பாய் பண்ணலாம், சீக்கிரம் இழுத்துக்கும்தான், ஆனா கத்துக்கறதுக்கு அது பத்தும்.

நான் அப்படித்தான் பண்ணினேன். முதல் பாய கட்டி விட்டப்ப தொப்பை நல்லா இருந்துச்சு, காத்து ஏற ஏற மரத்தோட நடுவுல இருந்து கீழ் பின் மூலைக்கு சாய்வா ரெண்டு மூணு மடிப்பு விழுந்துச்சு. துணியில தப்புன்னு நெனச்சு மூலைய இன்னும் இறுக்கினேன், மடிப்பு இன்னும் மோசமாச்சு. விஷயம் என்னன்னா மரம் நேரா நிக்கல, காத்துல நடுப்பகுதி முன்னாடி வளைஞ்சு, நான் லஃப்ல விட்டு வச்சிருந்த வில்லு முழுசையும் தின்னுட்டு அதுக்கு மேலயும் இழுக்குது. வளையற மரத்துக்கு லஃப் வளைவ கூட்டித்தான் வெட்டணும், கூட்டினா பலமான காத்துல மரம் வளைஞ்சு பாய் தானா தட்டையாகும், லேசான காத்துல மரம் நிமிந்து தொப்பை திரும்ப வரும். ஃபின், ஓகே மாதிரி கயிறு கட்டி நிறுத்தாத மரம் இருக்கற படகுங்கள்ல ஒருத்தரோட பாய் இன்னொருத்தர் மரத்துக்கு ஒத்துப் போகாததும் இதனாலதான். மரத்தோட ரெண்டு முனையையும் ரெண்டு ஸ்டூல் மேல வச்சு, நடுவுல தண்ணி கேன தொங்கவிட்டு, எவ்ளோ தொங்குதுன்னு ஒரு நூல் புடிச்சு அளந்தேன், அந்த அளவ லஃப்ல கூட்டி மறுபடி ஒட்டினேன். மடிப்பு போச்சு. லீச் மட்டும் படபடன்னு அடிச்சிக்கிட்டே இருந்துச்சு, உள்ள குச்சி வைக்காத பாய்க்கு அந்த ஓரத்த லேசா உள்வாங்கி வெட்டணுமாம், நான் நேரா வெட்டி வச்சிருந்தேன். மறுபடி தரையில விரிச்சு, ஆணி அடிச்சு, பேட்டன எடுத்தேன்.